நிக்கல் படிகத்தில் ஒரு பொட்டு

மேற்கு ஜெர்மனியில் பேருந்துக் கதவு தானாகத் திறக்காது. இறங்க வேண்டியவர் கம்பத்தில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். திங்கட்கிழமை காலை, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. குமாரபாளையத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் நாம் தூங்கினாலும் கண்டக்டர் தட்டி எழுப்பி, நாலு வார்த்தை திட்டி, இறக்கிவிட்டுத்தான் விசில் ஊதுவார். இங்கே திட்டவும் ஆள் இல்லை. முன்கதவில் ஆட்கள் ஏறுகிறார்கள், நான் நிற்கும் பின்கதவு மட்டும் அசையவில்லை, பஸ் கிளம்பிவிடுகிறது. கடைசியில், மடியில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பொத்தானை அழுத்தினார். நாய்கூட என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல் இருந்தது.

சேலைக்குக் கீழே காலுறை, அதற்கு மேல் செருப்பு. அந்தக் கோலத்தில் மூன்று நிறுத்த தூரத்தையும் திரும்பி நடந்தேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். குளிர் ஒரு காரணம். பைக்குள் இருந்த பிளாஸ்டிக் பெட்டி இன்னொரு காரணம். பெட்டிக்குள் ஒரு நிக்கல் படிகம் இருந்தது. தீப்பெட்டியைவிடச் சிறியது. அதன் ஒரு முகத்தைக் கண்ணாடியாகத் தேய்த்தெடுக்க எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோயமுத்தூரில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேர ஆராய்ச்சி. எங்கள் ஊரில் இல்லாத ஓர் இயந்திரம் இந்த ஜெர்மன் ஆய்வகத்தில் இருந்தது. அதில் ஐந்து நாள் வேலை செய்ய எங்களுக்கு அனுமதி கிடைத்தபோது, "படிகத்தைத் தேய்த்தவர்தான் போக வேண்டும்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். என் மகள் வித்யாவுக்கு அப்போது ஒரு வயது இரண்டு மாதம். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்தேன். அவள் முகத்தைச் சுளித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை விமானத்தில் எத்தனை முறை நினைத்தேன் என்று சொல்ல முடியாது. மூன்று வாரம். போகலாமா, கூடாதா? போகிறேன் என்று சொன்ன பிறகும், போய் இறங்கிய பிறகும் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் நெசவுக் குடும்பங்களில். நூலுக்கு முறுக்கு உண்டு என்று எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும்; வலமுறுக்கு, இடமுறுக்கு என்று இரண்டு வகை. பொருளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களுக்கும் அதுபோல இரண்டு சுழற்சி உண்டு. செம்பில் இரண்டும் சரிசமம். நிக்கலில் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம். அந்த அதிகம்தான் காந்தம். உலோகத்தின் உள்ளே இது எப்படி என்பது முன்பே தெரிந்த விஷயம். மேற்பரப்பில், கடைசி அணு அடுக்கில் எப்படி? அங்கே காந்தம் செத்துப்போகிறது என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் வேறு சிலர்.

இதைப் பார்க்க ஒரு வழி அயனிக் கற்றை. எலக்ட்ரான் ஒன்றை இழந்த அணுதான் அயனி. அதை வேகமாக ஓடவிட்டு, பரப்பைத் தொட்டும் தொடாமலும் உரசிப் போகச் செய்ய வேண்டும். காவிரியில் ஓட்டுச் சில்லைச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படி. அயனி உள்ளே நுழையாது. போகிற போக்கில் மேலடுக்கிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு ஒளிரும். பறித்த எலக்ட்ரானின் சுழற்சி அந்த ஒளியின் முறுக்கில் தெரியும். படிகத்தின் காந்தத்தைத் திருப்பிவிட்டால் ஒளியின் முறுக்கும் கொஞ்சம் மாற வேண்டும். மாறினால் மேலடுக்கில் காந்தம் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

தண்ணீரில் அலை இருந்தால் சில்லு தத்தாது. படிகத்தின் முகமும் அப்படித்தான். ஒரு மேடு, ஒரு கீறல் இருந்தாலும் கற்றை அதில் முட்டிச் சிதறும்.

ஆய்வகத்தில் எனக்குத் துணையாக விட்டவர் வெர்னர் என்ற தொழில்நுட்பர். ஐம்பது வயதிருக்கும். கை ஒவ்வொன்றும் முறம் போல. ஆனால் ஊசி முனையளவு திருகையும் கீழே விடமாட்டார். அவர் எதிரில்தான் பெட்டியைத் திறந்தேன். படிகத்தை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தவர் நிமிர்ந்து, "இதன்மேல் யாராவது பனிச்சறுக்கு விளையாடினார்களா?" என்றார்.

முகத்தின் நடுவில், காசு அகலத்துக்கு, வட்ட வட்டமாகக் கீறல்கள். பெட்டியின் பஞ்சு ஓரத்தில் ஒரு துளி சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தன வாசனை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் எட்டு விசைத்தறிகள். தறிக்கு, மோட்டாருக்கு, ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடாவுக்கு, கத்திரிக்கு, என் கணவரின் சைக்கிளுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். "உன்ற தொழில் சாமானும் வெய்யி அம்மிணி" என்று மாமியார் சொன்னபோது இரண்டு மனமாக இருந்தது. மறுப்பது மரியாதையில்லை, கொடுக்கவும் பயம். பெட்டியை மூடியபடியே வைத்து, மூடியின் மேல் நானே ஒரு பொட்டு வைத்து, புத்திசாலித்தனமாகச் சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். யாரோ அதைத் திறந்து படிகத்துக்கே பொட்டு வைத்திருக்க வேண்டும். சந்தனம் கல்லில் உரைத்தது. கல்லின் பொடி அதில் இருக்கும். நிக்கல் மெத்தென்ற உலோகம்.

வழியில் சேதமாகிவிட்டது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விமானத்தில் பெட்டி உருண்டது என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் எதனால் கீறல் விழுந்தது என்று தெரியாவிட்டால் அதை எப்படிப் போக்குவது என்று அவர்களுக்கும் தெரியாது. ஆய்வகத் தலைவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். இயந்திரங்களுக்குப் பொட்டு வைப்பதை ஆங்கிலத்தில் விளக்குவது லேசான காரியமில்லை. அவர் சிரிக்கவில்லை. "ஆண்டு முழுதும் ஓடும் இயந்திரங்களுக்கு ஒரு நாள் விடுமுறையா? எங்கள் தொழிற்சங்கத்துக்கு இது தெரிந்தால் பிடித்துப்போகும்" என்று மட்டும் சொன்னார். பிறகு கேட்டார்: "மறுபடி தேய்க்க முடியுமா?"

"முடியும்."

"எத்தனை நாள்?"

"மூன்று. எட்டு மாத வேலை முழுதும் கெடவில்லை, மேல் கீறல்தான்."

"அப்படியானால் உங்களுக்குக் கற்றை ஐந்து நாள் கிடைக்காது. அடுத்த திங்கள், செவ்வாய் இரண்டு நாள்தான். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு இயந்திரம் வேறொரு குழுவுக்குப் போகிறது. அதை நான் மாற்ற முடியாது. வேண்டுமானால் படிகத்தை இங்கே விட்டுவிட்டு நீங்கள் முன்னதாகவே ஊர் திரும்புங்கள். வசந்தத்தில் நாங்கள் செய்து முடிவை அனுப்புகிறோம்."

முன்னதாக ஊர் திரும்புங்கள். அந்த வார்த்தை தேனாக இருந்தது. இரண்டு நாளில் வித்யா என் மடியில் இருப்பாள். ஆனால், வேப்பெண்ணெய் தடவிக் குழந்தைக்குப் பால் மறக்கடித்தது எதற்காக என்று அப்புறம் வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"தேய்க்கும் அறை எங்கே?" என்று கேட்டேன்.

மூன்று நாள் தேய்த்தேன். முதலில் மெல்லிய உப்புத்தாள், பிறகு வைரப் பொடி கலந்த பசை. பெரிய துணுக்கிலிருந்து சிறியதற்கு, அதிலிருந்து இன்னும் சிறியதற்கு. ஒவ்வொரு படி மாறும்போதும் கையை, துணியை, படிகத்தை, மேசையைக் கழுவ வேண்டும். முந்தின படியின் ஒரே ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் அரை நாள் வேலை வீண். செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு முறை ஆயிற்று. வெர்னர் எட்டிப் பார்த்து, "உங்கள் கண்ணைவிட என் கண் மோசம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததாகவே வைத்துக்கொள்ளலாமே" என்றார். நான் இரண்டு படி பின்னால் போய் மறுபடி தொடங்கினேன்.

சாப்பாட்டுக்கு ஆய்வக உணவகம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மறுநாள் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. கொண்டுபோன பருப்புப் பொடியை உருளைக்கிழங்கின் மேல் தூவினேன். வெர்னர் ஒரு சிட்டிகை வாங்கித் தின்றுவிட்டு, "இதை வைத்தே தேய்க்கலாம் போலிருக்கிறதே" என்றார். தங்கியிருந்த வீட்டில் ஹில்டா அம்மாள் காலையில் ஒரே ஒரு அவித்த முட்டையை ஒரு குட்டிக் கிண்ணத்தில் நிறுத்தி, குட்டிக் கரண்டியோடு, மேலே கம்பளித் தொப்பி போட்டு வைப்பார். நாமக்கல்லில் இருந்து முட்டை லாரிகள் கணக்கில்லாமல் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முட்டைக்குத் தொப்பியை அங்கேதான் பார்த்தேன். "குளிரில் ஆறிவிடும்" என்றார். "உன் காதுக்கும் ஒன்று பின்னித் தருகிறேன்" என்று சொல்லி, புதன்கிழமை காலை நிஜமாகவே தந்தார்.

அன்றைக்குப் பேருந்தில் ஒரு குழந்தை அழுதது. இரண்டு வாரம் ஆகிவிட்டதே, பால் வற்றியிருக்கும் என்று நினைத்திருந்தேன். வற்றவில்லை. கோட்டை இழுத்து மூடிக்கொண்டேன். அன்று பொத்தானைச் சரியாக அழுத்தி, சரியான நிறுத்தத்தில் இறங்கி, தபால் நிலையத்துக்குள் போய், ஊருக்குத் தொலைபேசி கேட்டேன்.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. எதிரே நூல் கடையில் உண்டு. ஒரு மணி நேரம் காத்திருந்து கூண்டுக்குள் போனால், முதலில் கேட்டது விசைத்தறிச் சத்தம். பிறகு என் கணவர்.

"சரசு? சாப்டியா? குளுருதா? காசு எச்சா ஆகுமே, வெச்சுடட்டுமா?"

"இப்பத்தானுங்க எடுத்தீங்க!"

அதற்குள் ஒலிவாங்கி கை மாறியது. மாமியார் குரல், தொலைபேசியே வேண்டாம் என்கிற அளவுக்கு.

"அம்மிணி! நாந்தான்! நல்லா இருக்கியா சாமி? பாப்பா நல்லா இருக்கறா. காத்தால ரெண்டு இட்லி தின்னுட்டு, மூணாவத நாயிக்குப் போட்டுட்டா. அப்புடியே உன்ற ஊட்டுக்காரனாட்டம்."

"ஏனுங்கத்தே, பூசையப்ப என்ற பெட்டியத் தெறந்தீங்களா?"

"ஆமா. நீ பெட்டி மேல பொட்டு வெச்சிருந்தே. ஏங் கண்ணு, பொட்டு ஆளுக்கு வெப்பாங்களா, சட்டைக்கு வெப்பாங்களா? அதான் தெறந்து நானே வெச்சேன். பளபளன்னு கண்ணாடியாட்டம், என்ற மூஞ்சியே தெரிஞ்சுது போ. அப்பறம் தலப்புல நல்லா அழுத்தித் தொடச்சு, இருந்தாப்பலயே வெச்சுட்டேன். ஏன், என்னாச்சு?"

அழுத்தித் துடைத்தது வேறு. ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் இங்கே எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் மறைப்பானேன்?

"கீறல் உழுந்துருச்சுங்கத்தே. சந்தனத்துல கல்லுப்பொடி இருக்குமில்ல. மூணு நாளாத் தேச்சுட்டிருக்கறேன்."

தறிச் சத்தத்தை மீறிக் குரல் வந்தது.

"அடக் கடவுளே. தேச்சாப் போயிருமா?"

"போயிருமுங்க. ஆனா நாள் கொறைஞ்சுபோச்சு. பேசாம வந்துறலாமான்னு இருக்குதுங்கத்தே. பாப்பா நெனப்பாவே இருக்குது."

"வந்துறலாமா? நல்லாருக்குதே கத! தறியில பாவு பூட்டிட்டு நெய்யாமப் போவாங்களா? கெடுத்தது நானு, திட்டறதுன்னா வந்து திட்டு. ஆனா முடிச்சுட்டு வந்து திட்டு. தேய்க்க ஆளு வேணும்னா உன்ற ஊட்டுக்காரன அனுப்பறேன், இங்க சும்மாதான் நிக்கறான்."

"அம்மா, கரண்டு இல்லீன்னா நா என்ன பண்றது?" என்று பின்னால் கணவரின் குரல். ஆனால் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் அதையும் விடவில்லை: "அப்ப ஓடறது என்ன, மாட்டு வண்டியா?"

பிறகு ஒலிவாங்கியைக் குழந்தையிடம் கொடுத்தார்கள். "அம்மா பாரு சாமி, அம்மான்னு சொல்லு." மூச்சு மட்டும் வந்தது, ஈரமாக, வேகமாக. ஒலிவாங்கியை நக்கிக்கொண்டிருந்தாள் என்று பின்னால் கடிதத்தில் தெரிந்தது. இணைப்புத் துண்டிக்கப்படும்வரை நான் அந்த மூச்சைக் கேட்டேன். பிறகு ஆய்வகத்துக்கு நடந்து போய் கடைசிப் பசையைத் துணியில் தடவினேன்.

வியாழன் காலை வெர்னர் படிகத்தைச் சாய்த்துப் பார்த்தார். "என் முகம் தெரிகிறது. பாவம் படிகம்" என்றார். அதை எஃகு அறைக்குள் பொருத்தி, காற்றை உறிஞ்சி எடுத்து, அறை முழுதும் அலுமினியத் தாளைச் சுற்றிச் சூடாக்கினோம். சுவரில் ஒட்டிய ஈரம் போக இரண்டு நாள் சூட்டிலேயே இருக்க வேண்டும். புது மண்சட்டியைப் பழக்குவது போலத்தான், அவசரப்பட்டால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை, படிகத்தின் முகத்தை வேறோர் அயனிக் கற்றையால் சுரண்டிச் சுத்தம் செய்தோம். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் ஆறு முறை மின்சாரம் போயிருக்கும். இங்கே ஒரு விளக்குகூட இமைக்கவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. ஏதாவது கெட்டால் இனி மின்சார வாரியத்தின் மேல் பழி போட முடியாது.

திங்கட்கிழமை கற்றை வந்தது. கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால், படிகத்தின் முகத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு நீல வெளிச்சம். படிகத்தைச் சுற்றியிருந்த கம்பிச்சுருளில் ஒரு நொடி மின்சாரம் விட்டால் காந்தம் ஒரு பக்கம் நிற்கும். எதிராக விட்டால் திரும்பி நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒளியின் முறுக்கை எண்ண வேண்டும். இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண். அன்று முழுவதும், செவ்வாய் மதியம்வரை எண்ணினோம். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்.

ஆய்வகத் தலைவர் என் கையைக் குலுக்கினார். ஹில்டா அம்மாள் கொடுத்தனுப்பிய ஆப்பிள் கேக்கை வெர்னர் துண்டு போட்டார். நான் தின்னவில்லை. ஒளியை எண்ணும் குழாய்க்குக் காந்தம் என்றாலே ஆகாது. சுருள் சுற்றிய இரும்புச் சட்டத்தில் மிச்சமிருக்கும் காந்தம் குழாயைத் தொட்டு இந்த வித்தியாசத்தைக் கொடுத்திருந்தால்? படிகம் பேசுகிறதா, சுருள் பேசுகிறதா?

"படிகத்தைச் சூடாக்கிப் பார்க்க வேண்டும்" என்றேன். முந்நூற்று அறுபது டிகிரிக்கு மேல் நிக்கல் தன் காந்தத்தை இழந்துவிடும். அப்போதும் வித்தியாசம் இருந்தால் அது சுருளின் வேலை.

தலைவர் கேக்கைக் கீழே வைத்தார். "சூடாக்கினால் படிகத்தின் உள்ளே இருக்கும் கந்தகம் மேலே வரும். முகம் கெட்டுவிடலாம். மறுபடி சுத்தம் செய்ய நேரமில்லை. இப்போது உங்கள் கையில் ஒரு முடிவு இருக்கிறது, சரஸ்வதி. அதோடு ஊருக்குப் போங்கள்."

அவர் சொன்னது நியாயம். என் சந்தேகங்கள் எப்போதும் எனக்கு விரோதியாகத்தான் இருந்திருக்கின்றன. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள் நான். ஆனால் அடுப்பு இரண்டு முறையாவது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. குழந்தையை விட்டுவிட்டு வந்து, "இருக்கலாம்" என்ற ஒரு பதிலை எடுத்துப்போக எனக்கு மனமில்லை.

"சூடாக்கலாம்" என்றேன்.

மணி இரண்டரை. நானூறு டிகிரியில் எண்ணினோம். இரண்டு பக்கமும் ஒரே எண். வித்தியாசம் போய்விட்டது. வெர்னர் மேசையைத் தட்டினார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். இன்னும் போதாது. கந்தகம் மேலே வந்து முகத்தை மூடியிருந்தாலும் வித்தியாசம் இப்படித்தான் போயிருக்கும். ஆறிய பிறகு அது திரும்பி வர வேண்டும். வந்தால் படிகம், வராவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள்.

காற்றில்லாத அறையில் சூடு எளிதில் ஆறாது. ஊதவும் முடியாது, விசிறவும் முடியாது. மூன்று பேரும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்கு மணிக்கு முந்நூறு. ஐந்து மணிக்கு நூற்றெண்பது. அடுத்த குழுவினர் பெட்டிகளோடு வந்து வாசலில் நின்றுகொண்டார்கள். அவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். "ஆறு என்றால் ஆறு. இன்னும் ஆறு ஆகவில்லை" என்று வெர்னர் பதில் சொன்னதாக அவரே மொழிபெயர்த்தார்.

ஐந்தேகாலுக்கு நூற்றைம்பதைத் தொட்டது. காந்தத்தை நிறுத்தினேன். கற்றை, எண்ணிக்கை. திருப்பினேன். எண்ணிக்கை. மறுபடி, மறுபடி. நான் வாசிக்க, வெர்னர் எழுதினார். எழுதுகிறவர் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் ஆறாவது சோடி எழுதும்போதே அவருடைய அந்தப் பெரிய கை வேகமாயிற்று.

கடைசி எண்ணையும் வாசித்துவிட்டுத் தாளை வாங்கிக் கூட்டினேன். தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்று தானும் கூட்டினார். நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். அதே பக்கம். திரும்பி வந்திருந்தது.

வெர்னர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்க்கலாமா?" என்றார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

"வேண்டாம்" என்றேன்.